ஆண்ட்ராய்டு செயலியில் உள்ளூர் லைப்ரரி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இராமநாதபுரத்தில் செயலி உருவாக்கம் பயிலும் மாணவர்கள் பலர் மீனவர்களுக்காகவே தங்கள் முதல் செயலியை எழுதுகிறார்கள். தாங்களே எழுதிக் கணினியில் வைத்திருக்கும் நிரல் தொகுப்பை, அதாவது உள்ளூர் லைப்ரரியை, செயலியில் சேர்க்கும்போது ஒவ்வொரு அணியிடமும் அதே தவறுகளைப் பார்க்கிறேன். எழுத்துப்பிழைகளை ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவே சிவப்புக் கோடிட்டுக் காட்டிவிடும் என்பதால், அது காட்டாதவற்றை மட்டும் எழுதுகிறேன்.

ஏஏஆர் கோப்பை நகலெடுத்து வைப்பது

பாம்பன் விசைப்படகுகளுக்காக ஒரு மாணவர் குழு காற்றின் வேகத்தையும் அலையின் உயரத்தையும் காட்டும் செயலியை உருவாக்கியது. தரவைப் பெறும் பகுதியைத் தனி லைப்ரரியாக எழுதி, ஏஏஆர் கோப்பாக்கி (ஆண்ட்ராய்டு லைப்ரரியை ஒரே கோப்பாகக் கட்டும் வடிவம்), செயலியின் லிப்ஸ் கோப்புறையில் போட்டிருந்தார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தில், படகுகள் கரையில் நின்றபோதே சோதித்ததால், எல்லாம் சரியாக ஓடியது. தடை முடிந்து படகு கடலுக்குள் சென்று, சிக்னல் அறுந்த உடனே செயலி மூடிக்கொண்டது.

ஏஏஆருக்குள் அந்த லைப்ரரியின் சொந்த நிரல் மட்டுமே இருக்கும். அது சார்ந்திருக்கும் பிற லைப்ரரிகளின் பட்டியல், லைப்ரரிகளைச் சேமித்து வைக்கும் மேவன் களஞ்சியத்தில் அதனுடன் சேர்த்து வைக்கப்படும் பாம் (pom) என்ற விவரக் கோப்பில்தான் இருக்கும். வெறும் கோப்பை நகலெடுத்தால் அந்தப் பட்டியல், செயலியைக் கட்டும் கருவியான கிரேடிலுக்குத் தெரியவே தெரியாது. இணையம் இல்லாதபோது பழைய தரவைக் காட்ட அவர்கள், தரவைக் கைபேசியிலேயே சேமிக்கும் ரூம் லைப்ரரியை நம்பியிருந்தார்கள். அது செயலிக்குள் வந்து சேரவே இல்லை.

இதைவிட என்னை எரிச்சலூட்டுவது வேறொன்று. வெளியீட்டுக்கான ரிலீஸ் பில்டின்போது, நிரலைச் சுருக்கும் ஆர்8 கருவி இந்தக் குறையைக் கண்டுபிடித்து, வகுப்புகள் காணவில்லை என்று பில்டை நிறுத்தியிருக்கிறது. அப்போது அது எழுதித் தரும் கோப்பில் 'டோண்ட்வார்ன்' (எச்சரிக்காதே) வரிகள் இருக்கும். அவற்றை அப்படியே ஆர்8-இன் விதிக்கோப்பில் ஒட்டினால் பில்ட் முடிந்துவிடும். அவர்கள் ஒட்டினார்கள். அந்த வகுப்பு ஒருபோதும் இயங்காது என்று உறுதியாகத் தெரிந்தாலன்றி அந்த வரியை எழுதக் கூடாது. கடலில் வானிலை பார்க்க வேண்டியவருடைய கைபேசியில் அது செயலி மூடிக்கொள்வதில்தான் முடியும்.

மூலநிரல் கையில் இருந்தால் லைப்ரரியை அதே திட்டத்துக்குள் ஒரு தனிப் பகுதியாக, அதாவது மாட்யூலாகவே வையுங்கள்: செட்டிங்ஸ் கோப்பில் 'இன்க்ளூட்', செயலியின் பில்ட் கோப்பில் 'இம்ப்ளிமென்டேஷன் ப்ராஜெக்ட்'. ஏஏஆராகத்தான் வேண்டுமென்றால் மேவன் லோக்கலில் (உங்கள் கணினியிலேயே உள்ள மேவன் களஞ்சியம்) பாம் கோப்புடன் வெளியிட்டு அங்கிருந்து எடுங்கள். பிறகு கைபேசியை ஏரோப்ளேன் மோடில் வைத்து ஒவ்வொரு திரையையும் திறந்து பாருங்கள்.

முழுப் பாதை

செட்டிங்ஸ் கோப்பில் உங்கள் கணினியின் டிரைவ் எழுத்தோடு தொடங்கும் பாதையை எழுதாதீர்கள்.

நேம்ஸ்பேஸ்

மாட்யூலின் நிரலை அடையாளம் காட்டும் பெயர் இது. ஆண்ட்ராய்டு கிரேடில் ப்ளகின் 8.0 முதல் ஒவ்வொரு மாட்யூலுக்கும் கட்டாயம். செயலியின் நேம்ஸ்பேஸையே லைப்ரரிக்கும் வைக்காதீர்கள்.

மின்எஸ்டிகே

செயலி ஓடத் தேவையான குறைந்தபட்ச ஆண்ட்ராய்டு பதிப்பைக் குறிக்கும் எண் இது. லைப்ரரியின் எண் செயலியினுடையதைவிட அதிகமாக இருந்தால், இரண்டின் விவரக் கோப்புகளையும் ஒன்றாக்கும் மேனிஃபெஸ்ட் இணைப்பு தோல்வியடையும். 'ஓவர்ரைடு லைப்ரரி' எழுதி அதை மறைத்தால், பழைய கைபேசி வைத்திருப்பவரிடம்தான் செயலி விழும். மண்டபத்திலும் தங்கச்சிமடத்திலும் அத்தகைய கைபேசிகளை நிறையவே பார்க்கலாம்.