யூத இனப்படுகொலைக் காலத்துக் குடும்பக் காகிதங்களும் உடைமைகளும்: வீட்டிலேயே பாதுகாப்பது எப்படி?

போலந்தின் வார்சா நகரில் நாஜிகள் யூதர்களைப் பூட்டிவைத்த பகுதியான கெட்டோவுக்குள் அடைக்கப்பட்டிருந்த வரலாற்றாசிரியர் இமானுவேல் ரிங்கெல்ப்ளூமும் அவருடைய குழுவினரும் ‘ஓய்னெக் ஷாபெஸ்’ என்ற பெயரில் ரகசியமாக ஓர் ஆவணத் தொகுப்பைச் சேர்த்தார்கள். நாட்குறிப்பு, கடிதம் மட்டுமா? ரேஷன் அட்டை, டிராம் டிக்கெட், மிட்டாய் சுற்றிய தாளைக்கூட அவர்கள் விடவில்லை. 1942 ஆகஸ்டில் ஒரு பகுதியைத் தகரப் பெட்டிகளிலும், 1943 பிப்ரவரியில் இன்னொரு பகுதியைப் பால் கேன்களிலும் வைத்து, நோவோலிப்கி தெருவில் ஒரு பள்ளிக் கட்டடத்துக்கு அடியில் புதைத்தார்கள். 1946 செப்டம்பரில் தகரப் பெட்டிகளைத் தோண்டி எடுத்தபோது உள்ளே தண்ணீர் இறங்கியிருந்தது. தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பூஞ்சை பிடித்துக் கிடந்தன. பால் கேன்கள் 1950 டிசம்பரில்தான் கிடைத்தன. அதிக காலம் மண்ணுக்குள் கிடந்தும், மூடி இறுக்கமாக இருந்ததால் அவற்றிலிருந்த காகிதங்கள் பெரும்பாலும் நல்ல நிலையில் இருந்தன.

எதில் வைக்கிறோம், எங்கே வைக்கிறோம் என்பதுதான் காகிதத்தின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. உயிர் பிழைத்தவர்களின் வீடுகளிலும், அவர்களுடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் வீடுகளிலும் அந்தக் காலத்துக் காகிதங்களும் பொருள்களும் உள்ள பெட்டிகள் இன்றும் இருக்கின்றன. அந்தக் குடும்பத்தில் ஒருவராகவோ, அங்கே மணமுடித்துப் போனவராகவோ, முதியவரைக் கவனித்துக்கொள்பவராகவோ, உள்ளூர் நூலகத்தில் வேலை செய்பவராகவோ நீங்கள் இருக்கலாம். முன் அனுபவம் தேவையில்லை. பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

1. முதலில் எதையும் கலைக்காதீர்கள்

பெட்டியைத் திறந்ததும் வகை பிரிக்கத்தான் கை போகும். வேண்டாம். எது எதன் மேல் இருந்தது, எந்தப் புகைப்படம் எந்த உறைக்குள் இருந்தது என்பதெல்லாம் தகவல்தான். ஒரு பெண்ணின் படம் ஒருவருடைய கடிதக் கட்டுக்குள் இருந்தால், அவள் யார் என்று கண்டுபிடிக்க அந்த இடமே துப்பாக இருக்கலாம். ஆகவே மூடியைத் திறந்த நிலையில் ஒரு படம், ஒவ்வொரு அடுக்கையும் எடுக்கும் முன் ஒரு படம் எடுங்கள். செல்போன் கேமராவே போதும்.

2. மேசையும் கையும்

சுத்தமான, காய்ந்த மேசை. அதன் மேல் வெள்ளைப் பருத்தித் துணி. தண்ணீர், காபி, பேனா எதுவும் பக்கத்தில் இருக்கக்கூடாது. குறிப்பெழுத பென்சில் மட்டும்.

காகிதத்தைத் தொட வெள்ளைக் கையுறை தேவையில்லை. துணிக் கையுறை போட்டால் விரல் நுனிக்கு உணர்வு குறைந்து, நைந்த ஓரங்கள் அதில் மாட்டிக் கிழியும். சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்த கைதான் நல்லது. புகைப்படத்துக்கும் உலோகப் பொருளுக்கும் மட்டும் நைட்ரைல் என்ற மெல்லிய செயற்கை ரப்பர் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். விரல் வியர்வை அவற்றில் நிரந்தரத் தடமாகப் பதிந்துவிடும்.

3. கடிதங்களும் அடையாள ஆவணங்களும்

நிதானமாகச் செய்ய வேண்டிய பகுதி இது.

போர்க்காலக் காகிதம் பெரும்பாலும் மட்டமான மரக்கூழில் செய்தது. அதிலுள்ள அமிலமே அதைப் பழுப்பாக்கி நொறுங்க வைக்கும். மடித்த கடிதத்தை ஒரே இழுப்பில் விரிக்காதீர்கள். ஒவ்வொரு மடிப்பாகத் திறந்து, மேலே சுத்தமான தாள் வைத்து, அதன் மேல் லேசான எடை வைத்து, ஓரிரு நாள் விட்டுவிடுங்கள். மடிப்பில் விரிசல் தெரிந்தால் அத்தோடு நிறுத்திவிட்டுக் காகிதப் பாதுகாப்பு வல்லுநரிடம் கேளுங்கள்.

துருப்பிடித்த குண்டூசி, கிளிப், ரப்பர் பேண்ட் இவற்றை மெதுவாக எடுத்துவிடலாம். செலோடேப் ஒட்டவே கூடாது. ஏற்கெனவே ஒட்டியிருந்தால் பிய்க்கவும் கூடாது. லேமினேட் செய்யும் எண்ணம் இருந்தால் தயவுசெய்து கைவிட்டுவிடுங்கள். அந்தச் சூடும் பசையும் காகிதத்துக்குள் இறங்கிவிட்டால் மீட்க வழியில்லை.

ஈரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்துக் கடிதங்கள் பல காப்பியிங் பென்சிலால் எழுதப்பட்டவை. பார்வைக்குச் சாதாரணப் பென்சில் மாதிரி சாம்பல் நிறத்தில் இருக்கும். ஆனால் அதில் சாயம் கலந்திருக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் எழுத்து பளிச்சென்று ஊதாவாக மாறிக் கசியும். தூசியைத் துடைக்கிறேன் என்று ஈரத்துணியை வைத்தால் ஒரு தாயின் கடைசி வரி ஊதாக் கறையாகிவிடும். தூசிக்கு மென்மையான காய்ந்த தூரிகை போதும். அதுவும் எழுத்து உதிரவில்லை என்று உறுதியான பிறகு.

உறைகளைத் தூக்கிப் போடாதீர்கள், தபால்தலையைக் கிழித்தெடுக்காதீர்கள். அஞ்சல் முத்திரை, தணிக்கை முத்திரை, அனுப்பியவர் முகவரி எல்லாம் அதில்தான் இருக்கும். செஞ்சிலுவைச் சங்கத்தின் வழியாகப் போன செய்திப் படிவங்களில் 25 சொற்கள்தான் எழுதலாம். பதில் பெரும்பாலும் பின்பக்கத்தில் இருக்கும். ஆகவே எதையும் அட்டையில் ஒட்டிச் சட்டம் போட்டு மாட்டாதீர்கள்.

1938 அக்டோபருக்குப் பிறகு ஜெர்மன் யூதர்களின் பாஸ்போர்ட்டில் ‘யூதர்’ என்பதைக் குறிக்கும் ‘ஜே’ எழுத்து சிவப்பில் குத்தப்பட்டது. நாஜி அரசின் பட்டியலிலுள்ள ‘யூதப் பெயர்’ இல்லாதவர்கள் 1939 ஜனவரி 1 முதல் ஆண் என்றால் ‘இஸ்ரயேல்’, பெண் என்றால் ‘சாரா’ என்று கூடுதல் பெயரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று ஆணை. நீங்கள் பட்டியல் தயாரிக்கும்போது அந்தத் திணித்த பெயரை அவருடைய பெயராக ஏற்றிவிடாதீர்கள். குடும்பத்தார் அழைத்த பெயரை முதலில் எழுதி, ஆவணத்திலுள்ள வடிவத்தைத் தனியாகக் குறியுங்கள். பாட்டியின் பெயர் சாரா இல்லையென்றால், அவர் பேத்தி வைத்திருக்கும் பட்டியலிலாவது அவர் சாராவாக இருக்க வேண்டாம்.

அப்புறம், சலிப்பூட்டும் காகிதங்கள். போருக்குப் பிறகு மேற்கு ஜெர்மனியிடம் இழப்பீடு கேட்டு நிரப்பிய படிவங்கள், வழக்கறிஞர் கடித நகல், மருத்துவச் சான்று. தட்டச்சில் கட்டுக்கட்டாக இருப்பதால் முதலில் குப்பைக்குப் போவது இவைதான். ஆனால் எந்தத் தெருவில் வீடு, என்ன கடை, எந்தத் தேதியில் கைது, எந்த முகாமிலிருந்து எந்த முகாமுக்கு என்று வரிசையாகச் சொல்லும் ஆவணம் பல குடும்பங்களில் அது ஒன்றுதான். வீட்டில் வாய் திறக்காதவர்கள்கூட விண்ணப்பத்தில் எழுத வேண்டியிருந்தது. ஒரு தாளையும் விடாதீர்கள்.

4. புகைப்படங்கள்

ஓரத்தைப் பிடித்து எடுங்கள். பின்பக்கத்தைக் கட்டாயம் பாருங்கள். ஸ்டுடியோவின் முத்திரையோ, கையெழுத்துக் குறிப்போ இருக்கும். பெயர் எழுத வேண்டுமானால் மென்மையான பென்சிலால், பின்பக்க ஓரத்தில், அழுத்தாமல் எழுதுங்கள். பழைய ஆல்பத்தைப் பிரிக்க வேண்டாம், பக்கங்களுக்கு நடுவே அமிலமற்ற மெல்லிய தாள் வைத்தால் போதும். பிற்காலத்தில் பசைப் பக்க ஆல்பத்துக்கு மாற்றியிருந்தால், எளிதில் வரும் படங்களை மட்டும் எடுங்கள், வராதவற்றை அப்படியே பக்கத்தோடு ஸ்கேன் செய்யுங்கள்.

நெகட்டிவ் சுருளில் வினிகர் வாடை வந்தால் அது சிதையத் தொடங்கிவிட்டது, மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள். அந்தக் காலத்து நைட்ரேட் பிலிம் எளிதில் தீப்பற்றும். சந்தேகம் இருந்தால் வீட்டில் வைத்திருக்காமல் உடனே வல்லுநரைக் கேளுங்கள்.

5. துணியும் பொருள்களும்

துவைக்காதீர்கள். பாலிஷ் போடாதீர்கள். இந்தப் படியில் வேறெதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

1941 செப்டம்பரில் ஜெர்மனியில் யூதர்கள் ஆடையில் மஞ்சள் நட்சத்திரம் அணிய வேண்டும் என்று உத்தரவு வந்தது. உங்கள் கையில் அப்படி ஒன்று இருந்தால் அதன் ஓரத்தைக் கூர்ந்து பாருங்கள். தையல் துளைகள், அறுந்த நூலின் நுனி, மடித்துத் தைத்த தடம் தெரியலாம். யாரோ ஒருவர் கோட்டில் அது உண்மையிலேயே தைக்கப்பட்டிருந்ததற்கு அவைதான் அடையாளம். கறையும் அப்படித்தான். முகாம் உடையைத் துவைத்தால் சாட்சியத்தைக் கழுவி விடுகிறோம். துணியைப் பெட்டியில் மட்டமாக வைத்து, மடிக்க வேண்டிய இடத்தில் அமிலமற்ற தாளைச் சுருட்டிக் கொடுத்தால் மடிப்பு வெட்டாது.

போலந்தில் முன்பு நாஜி வதைமுகாமாக இருந்த அவுஷ்விட்ஸின் அருங்காட்சியகத்தில் 2016-இல் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே சமையல் பாத்திரங்களே ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அவற்றில் ஒரு எனாமல் குவளையின் அடிப்பாகம் காலப்போக்கில் துருப்பிடித்து விலகியபோது, அது போலி அடி என்று தெரிந்தது. அதற்குக் கீழே துணியில் சுற்றிய தங்க மோதிரமும் கழுத்துச் சங்கிலியும் இருந்தன. அத்தனை ஆண்டுகள் அது யார் கண்ணிலும் படவில்லை. ஆகவே சூட்கேஸின் உள்துணி, பர்ஸின் அடிப்பகுதி, செருப்பின் உள்தாள் எதையும் ‘கிழிசல்’ என்று வெட்டி எறியாதீர்கள். தேடுகிறேன் என்று நீங்களே பிரிக்கவும் வேண்டாம்.

6. வைக்கும் இடம்

பரணும் நிலவறையும் வேண்டாம். ஒன்றில் சூடு, மற்றதில் ஈரம். குடும்பம் புழங்கும் அறைகளில், வெளிச்சுவரை ஒட்டாத ஒரு அலமாரிதான் நல்லது. 20 டிகிரியை ஒட்டிய வெப்பநிலை, 35 முதல் 50 சதவீதம் வரை ஈரப்பதம் இருந்தால் நிம்மதி. அமிலமற்ற அட்டைப்பெட்டி, அமிலமற்ற உறை வாங்குங்கள். பிளாஸ்டிக் உறைதான் வேண்டும் என்றால் பாலியெஸ்டர். பிவிசி வேண்டவே வேண்டாம். மண்ணுக்கடியில் பால் கேன் காப்பாற்றியது உண்மைதான், ஆனால் வீட்டில் காற்றுப் புகாத டப்பாவில் அடைத்தால் உள்ளே மாட்டிய ஈரமே பூஞ்சையை வளர்க்கும். செய்தித்தாள் துண்டுகளைத் தனி உறையில் போடுங்கள், அவற்றின் அமிலம் பக்கத்துக் கடிதத்துக்கும் ஏறும்.

7. ஸ்கேன்

ஸ்கேனரின் தெளிவு அளவு (டிபிஐ) கடிதத்துக்கு 400, புகைப்படத்துக்கு 600. டிஃப் கோப்பாகச் சேமியுங்கள், பார்ப்பதற்கு ஜேபெக் நகல். வெற்றாகத் தெரியும் பின்பக்கத்தையும் எடுங்கள். தாளைத் தானாக இழுக்கும் ஸ்கேனரில் பழைய காகிதத்தை ஒருபோதும் விடாதீர்கள். மூன்று நகல், அதில் ஒன்று வேறு ஊரில்.

எழுத்து புரியவில்லை என்று ஒதுக்காதீர்கள். பழைய ஜெர்மன் கையெழுத்தான குர்ரெண்ட், ஸ்யூட்டர்லின் வடிவங்களையும் கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசிய, ஹீப்ரு எழுத்தில் எழுதிய இத்திஷ் மொழியையும் வாசிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஸ்கேன் தெளிவாக இருந்தால் எங்கிருந்தும் உதவுவார்கள். ஊர்ப் பெயரை எல்லா வடிவத்திலும் குறியுங்கள். லெம்பெர்க், ல்வூவ், ல்வீவ் மூன்றும் ஒரே ஊர்.

8. கதையைப் பதிவு செய்வது

வீட்டுப் பெரியவரிடம் ஒரு பொருளைக் காட்டி, “இது யாருடையது? எப்படி உங்கள் கைக்கு வந்தது?” என்று மட்டும் கேளுங்கள். அனுமதி வாங்கி ஒலிப்பதிவு செய்யுங்கள். அவர் நிறுத்தினால் நீங்களும் நிறுத்திவிடுங்கள். சொல்லாமல் இருப்பதற்கும் அவருக்கு உரிமை உண்டு.

தெரியாத பெயர்களை ஜெர்மனியின் பாட் அரோல்சனில் உள்ள அரோல்சன் ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். சுமார் 1.75 கோடிப் பேரைப் பற்றிய தகவல்கள் அங்கே உள்ளன. வதைமுகாம்களில் கைதிகளிடமிருந்து பறித்த கைக்கடிகாரம், மோதிரம், புகைப்படம் போன்றவற்றையும் உரிய குடும்பங்களைத் தேடித் திருப்பிக் கொடுத்து வருகிறார்கள். உங்கள் குடும்பத்துக்கு உரியதும் அங்கே காத்திருக்கலாம்.

9. வீட்டில் வைப்பதா, கொடுப்பதா?

அடுத்த தலைமுறையில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லையென்றால் கொடுத்துவிடுவதே மேல் என்பது என் கருத்து. ஜெருசலேமில் யாத் வஷேம் நினைவகம், வாஷிங்டனில் அமெரிக்க ஹோலோகாஸ்ட் நினைவு அருங்காட்சியகம், லண்டனில் வீனர் நூலகம், ஜெர்மன் மொழி பேசிய யூதக் குடும்பம் என்றால் நியூயார்க்கில் லியோ பேக் நிறுவனம் எல்லாம் குடும்பத் தொகுப்புகளை ஏற்கின்றன. அண்ணனுக்குக் கடிதம், தங்கைக்குப் படம் என்று பிரிக்காமல் தொகுப்பை ஒன்றாகவே கொடுங்கள். விற்பனைக்கு எடுத்துப் போக வேண்டாம். சந்தைக்குப் போனதும் பொருள் ஒரு பக்கம், அதன் கதை ஒரு பக்கம் என்று ஆகிவிடும்.

கையெழுத்திடும் முன் சில கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். குடும்பத்துக்கு முழுத் தெளிவுள்ள ஸ்கேன் நகல் கிடைக்குமா? உயிருடன் இருப்பவர்களின் பெயரும் மருத்துவ விவரமும் உள்ள பக்கங்களைச் சில காலம் மூடி வைப்பார்களா? அவர்களுக்குத் தேவையில்லாததைத் திருப்பித் தருவார்களா, கழித்துவிடுவார்களா? பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு, முதல் படியில் எடுத்த செல்போன் படங்களையும் பெட்டியோடு சேர்த்தே அனுப்புங்கள். எது எங்கே இருந்தது என்பது அங்கே பட்டியல் போடுபவருக்குத் தேவைப்படும்.