பெட்டி கட்டிய பிறகு பிரிண்டிங்: மேவன் பில்டில் வரிசை தவறும் இடங்கள்

திருப்பூரில் பனியன் ஆர்டர் எடுத்தவர் எவரும் சரக்கைத் தைத்து, அயர்ன் செய்து, பெட்டியில் அடைத்த பிறகு பிரிண்டிங்குக்கு ஆள் தேடமாட்டார். நிட்டிங், டையிங், காம்பாக்டிங், கட்டிங், பிரிண்டிங், தையல், செக்கிங், பேக்கிங் என்று எது முன், எது பின் என்பது அங்கே சின்னப் பையனுக்கும் தெரியும். அந்த ஏற்றுமதியாளர்களுக்கு மென்பொருள் எழுதிக்கொடுத்த கோவை அலுவலகம் ஒன்றில்தான் நான் வேலை பார்த்தேன். ஜாவா நிரலைக் கம்பைல், டெஸ்ட், பேக் செய்து முழு மென்பொருளாக்கும் வேலைதான் பில்ட், அதை ஓட்டும் கருவி மேவன். எங்கள் பில்டோ பல மாதங்கள் பெட்டியை முதலில் கட்டிவிட்டு, சரக்கைப் பிறகு தைத்துக்கொண்டிருந்தது.

மென்பொருளின் தனித்தனிப் பகுதிகளான மாட்யூல்கள் மொத்தம் பதினான்கு. எல்லாவற்றின் ஜார் கோப்புகளையும் (மாட்யூலைப் பேக் செய்தால் கிடைக்கும் பெட்டி) ஒரே இடத்தில் சேர்க்க, பேரன்ட் பாமில் (எல்லா மாட்யூல்களுக்கும் பொதுவான மேவன் அமைப்புக் கோப்பு) ஆன்ட்ரன் பிளகினை (ஆன்ட் கட்டளைகளை ஓட்டும் மேவன் துணைக்கருவி) எழுதி, பில்டின் படிகளில் ஒன்றான பேக்கேஜ் கட்டத்தில் பொருத்தினோம். கிளை மாட்யூல்களில் திரும்பத் திரும்ப ஓடாமலிருக்க, இன்ஹெரிட்டட் என்பதற்கு ஃபால்ஸ் கொடுத்தோம். பேக்கேஜ் கட்டம் என்றால் பதினான்கும் பேக் ஆகி முடிந்த நேரம் என்பது எங்கள் நினைப்பு.

பலரும் விழும் முதல் குழி இதுதான். மேவன் எல்லா மாட்யூல்களையும் கம்பைல் செய்து, பிறகு எல்லாவற்றையும் டெஸ்ட் செய்து, அதன்பின் எல்லாவற்றையும் பேக் செய்வதில்லை. ஒரு மாட்யூலை எடுத்தால், நாம் கேட்ட கட்டம் வரை அதை முடித்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடும். கிளைகள் பேரன்ட் பாமிலிருந்து பெற்றுக்கொள்வதால், பேரன்ட் முதலில் ஓடியாக வேண்டும். ஆக, எங்கள் ஆன்ட்ரன் ஓடிய நேரத்தில் ஒரு ஜார் கூடப் பிறந்திருக்கவில்லை.

அப்படியானால் எப்படி மாதக்கணக்கில் ஓடியது? எங்கள் கணினிகளில் யாரும் பழைய பில்டின் கோப்புகளை அழிக்கும் கிளீன் கட்டளையைக் கொடுக்கவில்லை. நேற்றைய ஜார்கள், பில்டின் விளைவுகள் சேரும் டார்கெட் அடைவுகளில் கிடந்தன, ஆன்ட்ரன் அவற்றையே அள்ளிப்போட்டது. நேற்றைய சரக்கை இன்றைய லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு முறையும் வெறும் அடைவிலிருந்து தொடங்கும் புதிய பில்ட் சர்வர் வந்த அன்றுதான் குட்டு உடைந்தது. வரிசை குறித்த பிழை உங்கள் கணினியில் மட்டும் ஓடி வேறெங்கும் ஓடவில்லை என்றால், முதலில் பழைய டார்கெட்டைச் சந்தேகப்படுங்கள்.

அடுத்து நாங்கள் செய்தது இரண்டாவது தவறு. சேர்க்கும் வேலைக்குத் தனி மாட்யூல் ஒன்றைப் படைத்து, மாட்யூல் பட்டியலின் கடைசியில் எழுதினோம். ஓடியது. பில்டை விரைவாக்கலாம் என்று ஒரு நண்பர் ஹைஃபன் டி சேர்த்து இணையாக ஓடவிட்ட நாளில் மறுபடியும் உடைந்தது. பட்டியலில் எழுதிய வரிசையை, எந்த மாட்யூல் முன், எது பின் என்று முடிவுசெய்யும் மேவனின் ரியாக்டர் கடைசியாகத்தான் பார்க்கும். ஒரு மாட்யூல் இன்னொன்றை டிபென்டென்சியாகவோ, பிளகினாகவோ, எக்ஸ்டென்ஷனாகவோ, பேரன்ட்டாகவோ சார்ந்திருந்தால் அந்த உறவுக்குத்தான் முதலிடம். இணையாக ஓடும்போது, யாரையும் சாராத மாட்யூல் யாருக்காகவும் காத்திராது. பதினான்கு மாட்யூல்களையும் டிபென்டென்சிகளாக எழுதிய பிறகே எங்கள் கடைசி மாட்யூல் உண்மையில் கடைசியானது. டெஸ்டுகள் நிரலில் எவ்வளவைத் தொட்டன என்று அளக்கும் ஜாகோகோவில், எல்லா மாட்யூல்களின் அறிக்கையையும் சேர்க்கும் ரிப்போர்ட்-அக்ரிகேட்டுக்கும் இதே தனி மாட்யூல் வழிதான் சரி. டிபென்டென்சி-மேனேஜ்மென்ட், பிளகின்-மேனேஜ்மென்ட் பகுதிகளில் எழுதுவது இந்த வரிசையை நகர்த்தாது.

ஒரு மாட்யூலுக்குள்ளேயும் தகராறு உண்டு. ஒரே கட்டத்தில் பல பிளகின்கள் இருந்தால், மேவன் 3.0.3 முதல் அவை பாமில் எழுதிய வரிசைப்படி ஓடுகின்றன. இதை நம்பி எல்லாவற்றையும் பேக்கேஜ் கட்டத்தில் திணிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மேவன் தானாகப் பொருத்தும் ஜார் வேலை அதே கட்டத்தில் முந்திக்கொள்ளும். ஜாருக்குள் போக வேண்டிய கோப்பை நீங்கள் பேக்கேஜில் உருவாக்கினால், அது பெட்டிக்கு வெளியே நிற்கும். அந்த வேலையின் இடம் பிரிப்பேர்-பேக்கேஜ் கட்டம். சோர்ஸ் கோட் எழுதித்தரும் பிளகின் என்றால் ஜெனரேட்-சோர்சஸ்.

இதைவிட விஷமமான ஒன்று இருக்கிறது. ஒரே கட்டத்தில் முதலில் ஆன்ட்ரன், நடுவில் வேறு நிரலை ஓட்டும் எக்ஸெக் பிளகின், மறுபடியும் ஆன்ட்ரன் என்று ஓட வேண்டுமென ஒருவர் நினைக்கிறார். ஆன்ட்ரனை இரண்டு முறை எழுதுகிறார். ஒரே பிளகினை இருமுறை எழுதக்கூடாது என்று மேவன் எச்சரித்துவிட்டு, இரண்டையும் ஒன்றாக்கிவிடும். ஆன்ட்ரனின் இரு வேலைகளும் அடுத்தடுத்து ஓடும். எக்ஸெக் நடுவே நுழைய முடியாது. அந்த எச்சரிக்கையை மஞ்சள் எழுத்துதானே என்று தாண்டிப்போகாதீர்கள். மூன்றையும் வெவ்வேறு கட்டங்களுக்குப் பிரிப்பதே நேர்வழி.

பேரன்ட் பாமில் இரண்டு பிளகின்கள் ஒரு வரிசையில் இருந்தால், கிளையில் அவற்றை மாற்றி எழுதியும் பயனில்லை. பேரன்ட்டின் வரிசையே நிற்கும். பேரன்ட்டின் வேலை ஒன்று கிளைக்கு வேண்டாமென்றால், அதே எக்சிகியூஷன் ஐடியை (அந்த வேலைக்கு வைத்த பெயர்) எழுதி, கட்டத்துக்கு நன் (none) என்று கொடுத்தால் அடங்கிவிடும். ஐடியில் ஓர் எழுத்து பிசகினாலும் பழையது அப்படியே ஓடும். சந்தேகம் வந்தால் ஹெல்ப் பிளகினின் எஃபெக்டிவ்-பாம் ஆணையை ஓடவிடுங்கள். பேரன்ட்டும் கிளையும் கலந்த முழு பாம் கண்முன் வரும். அதைப் படிக்கச் சலித்துக்கொண்டு ஊகத்தில் பிளகின்களை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்த மாலைகள் எனக்கும் உண்டு.

பிளகின்-மேனேஜ்மென்ட்டில் மட்டும் எழுதிவிட்டு ஏன் ஓடவில்லை என்று கேட்பவர்களுக்கு ஒரே வரி: அது அமைப்பைச் சொல்லும் இடம், பிளகின்ஸ் பகுதியிலும் பெயர் இருந்தால்தான் ஓடும்.

கடைசியாக, இன்டெக்ரேஷன் டெஸ்டுகளை ஓட்டும் ஃபெயில்சேஃப் பிளகின். டெஸ்டுக்கு முன் டேட்டாபேஸை எழுப்புவது பிரி-இன்டெக்ரேஷன்-டெஸ்ட், அணைப்பது போஸ்ட்-இன்டெக்ரேஷன்-டெஸ்ட். டெஸ்ட் தோற்றாலும் ஃபெயில்சேஃப் உடனே நிற்காமல் முடிவைக் குறித்துவைத்து, டேட்டாபேஸை அணைக்க இடம் கொடுத்து, வெரிஃபை கட்டத்தில்தான் பில்டைத் தோல்வி என்று அறிவிக்கும். பெயரைப் பார்த்து இன்டெக்ரேஷன்-டெஸ்ட் என்று மட்டும் கட்டளை கொடுத்தால், அணைக்கும் கட்டம் வரவே வராது. தோற்ற டெஸ்டும் தோல்வியாகத் தெரியாது. எங்கள் பொதுக் கணினியில் 5432 போர்ட்டைப் பிடித்துக்கொண்டு அனாதையாக நின்ற போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்களுக்குக் கணக்கில்லை. கட்டளையில் வெரிஃபை என்று கொடுங்கள்.