செவ்வந்தி மொட்டு வைக்காத கதை

செங்கோட்டையில் சாரல் முடிந்து ஐப்பசி மழையும் போன பிறகு, எங்கள் வீட்டுச் செவ்வந்தித் தொட்டிகளில் மொட்டு தெரிந்துவிடும். இந்த முறை மார்கழி வந்தும் வெறும் இலைதான். செடியோ கீரைப்பாத்தி போலச் செழித்து நின்றது.

தழைச்சத்து அதிகம் என்று சாணத்தை நிறுத்தினேன். சாம்பல் போட்டேன், எலும்புத்தூளும் போட்டேன். "வெயில் போதாது" என்றார் பக்கத்து வீட்டு அத்தை. தொட்டிகளை மதில் ஓரம் தள்ளினேன். பலனில்லை.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கிடந்த ஒன்று மட்டும் மொட்டு விட்டிருந்தது. அதிலும் சுவர்ப் பக்கக் கிளைகளில்தான். தெருவைப் பார்த்த கிளைகளில் ஒன்றுகூட இல்லை. கைப்பேசியில் பழைய பருவங்களின் படங்களைப் புரட்டினேன். பூத்துக் குலுங்கிய எந்த ஆண்டுப் படத்திலும் எதிர்க் கம்பத்தில் விளக்கே இல்லை! இப்போது விடிய விடிய எல்.இ.டி. எரிகிறது.

செவ்வந்திக்கு நீண்ட, இடையறாத இருட்டு வேண்டும். இரவில் வெளிச்சம் பட்டால் மொட்டுக் கட்டாது. அதே விளக்கடியில் செம்பருத்தி நாள்தோறும் பூத்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அதற்கு இந்தக் கணக்கு கிடையாது.

நான்கு மூங்கில் குச்சி நட்டு, விளக்கு எரியுமுன் கறுப்புத் துணி போர்த்தி, விடிந்ததும் எடுத்தேன். ஒரு நாளும் விடவில்லை. தை பாதியில் கிளை நுனிகளில் பச்சைக் குமிழ்களாய் மொட்டுகள் வந்தன. துணி இலையில் படக்கூடாது; பனியில் நனைந்து ஒட்டினால் இலை கறுக்கிறது.