விசேஷமில்லாததை எப்படிச் சொல்வது?

போன ஆடியில் கனடாவிலிருந்து வந்திருந்த என் பெறாமகள் எங்கள் கிளிநொச்சி வீட்டில் ஒரு பிழை விட்டாள். அம்மா சிவப்பரிசிச் சோறும் முருங்கைக்காய்க் குழம்பும் போட்டுவிட்டு, "எப்படிப் பிள்ளை சாப்பாடு?" என்று கேட்டார். "சராசரி, அப்பம்மா" என்றாள். அம்மா ஒன்றும் பேசவில்லை. அடுத்த நாள் ஐந்து கறி வைத்தார்.

பிள்ளை சொல்ல வந்தது, எப்போதும்போல நன்றாயிருக்கிறது என்பதைத்தான். இந்தப் பதிவு அவளுக்காகவும், தமிழில் புதிதாக எழுதத் தொடங்குகிறவர்களுக்காகவும்.

படி 1: எதோடு ஒப்பிடுகிறீர்கள் என்று முதலில் முடிவெடுங்கள்

எண்களோடு என்றால் சராசரி. பழக்கத்தோடு என்றால் வழமை. மேல், கீழ் என்று தரம் பிரித்துப் பார்த்தால் நடுத்தரம். மனதில் நினைத்து வைத்ததோடு என்றால் சுமார், பரவாயில்லை. அம்மாவின் குழம்புக்குத் தேவைப்பட்டது இரண்டாவது: "வழமைபோல நல்லாயிருக்கு." தமிழகத்தில் வழக்கம் என்பார்கள், எங்களுக்கு வழமை. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காறுகளை 1707இல் ஒல்லாந்தர் காலத்தில் தொகுத்த தேசவழமைச் சட்டத்தின் பெயரிலும் இருப்பது இதே சொல்தான். இதில் குறைத்துப் பேசும் தொனி கிடையாது, பயப்படாமல் எடுக்கலாம்.

படி 2: எண் இல்லாத இடத்தில் சராசரி வேண்டாம்

மூன்று வயல் என்று வைத்துக்கொள்வோம். அக்கராயனில் ஏக்கருக்கு 30 மூடை, வவுனிக்குளத்தில் 24, முத்தையன்கட்டில் வெள்ளம் நின்றதால் 6. சராசரி 20. ஆனால் 20 மூடை எடுத்தவர் அந்த மூவரில் ஒருவருமில்லை. மழையும் அப்படித்தான். உலர் வலயமான வன்னியில் வருடச் சராசரி 1,750 மில்லிமீற்றருக்குக் குறைவு; அதில் பெரும்பகுதி ஐப்பசி முதல் தை வரை கொட்டித் தீர்ந்துவிடும். பன்னிரண்டால் பிரித்து "மாதச் சராசரி" எழுதினால், வன்னியில் இல்லாத ஒரு மாதத்தைப் பற்றி எழுதுகிறீர்கள்.

படி 3: சுமாரும் பரவாயில்லையும்

இங்கேதான் பலர் சறுக்குவார்கள். சுமார் என்பது எண்ணுக்கு முன்னால் வந்தால் ஏறக்குறைய: "சுமார் 20 மூடை." பின்னால் வந்தால் குறை: "20 மூடை, சுமார்தான்." சொல் அதேதான், இருக்கிற இடம்தான் வேறு.

பரவாயில்லை கொஞ்சம் மேலே நிற்கும். மோசமாக வரும் என்று பயந்தது அப்படி வரவில்லை என்பதுதான் அதன் உள்ளர்த்தம். "காய்ச்சல் இப்ப பரவாயில்லை" என்றால் குறைந்திருக்கிறது. ஆனால் யாராவது ஆசையாகச் செய்து காட்டும் பொருளைப் பார்த்துப் பரவாயில்லை என்றால், இதைவிட மோசமாக எதிர்பார்த்தேன் என்று சொன்னதாகிவிடும். கவனம்.

எங்கள் ஊர்க் கமக்காரரிடம் இன்னொரு சிக்கல். காலபோகம், அதாவது மாரிமழையோடு செய்யும் நெல், வெட்டி முடிந்ததும் விளைச்சல் எப்படி என்று கேட்டுப் பாருங்கள். நன்றாக விளைந்திருந்தால் "பரவாயில்லை" என்பார். நாவூறு படும் என்ற பயம். நடுத்தரமாக இருந்தால் "ஏதோ வந்தது." உண்மையிலேயே மோசமென்றால் விளைச்சலை விட்டுவிட்டு நெல் விலையைப் பற்றிப் பேசத் தொடங்குவார். இதை எந்த அகராதியும் உங்களுக்குச் சொல்லித் தராது.

படி 4: சாதாரணத்தை அளந்து போடுங்கள்

இலங்கையில் பள்ளிப் பிள்ளைகள் எழுதும் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையை எழுதிய பிள்ளையிடம் அது சாதாரணமா என்று கேட்காதீர்கள். அதிலேயே 35 முதல் 49 வரை புள்ளி எடுத்தால் சாதாரண சித்தி, அதாவது சித்திகளில் கடைசி. ஆக, பெறுபேற்றுத் தாளில் இந்தச் சொல் நடுவில் நிற்பதில்லை, அடியில் நிற்கிறது. ஆனால் "அவர் சாதாரண ஆளில்லை" என்று மறுத்துச் சொன்னால் பெரிய பாராட்டு. என்னைக் கேட்டால், புதியவர்கள் இதைப் பொருட்களுக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது: சாதாரண சட்டை, சாதாரண நாள்.

படி 5: இரண்டு கண்ணிவெடிகள்

குளத்தின் நீர்மட்டம் என்றால் வெறும் அளவு. மட்டமான அரிசி என்றால் சண்டை. அதேபோல "உடம்பு ஒரு மாதிரி இருக்கு" சரி. "அவர் ஒரு மாதிரி ஆள்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

படி 6: இனி இந்தச் சொற்கள் எதுவுமில்லாமல் எழுதிப் பாருங்கள்

ஏ9 வீதியோரக் கடையில் ஒரு தேத்தண்ணி குடித்தீர்கள். "தேத்தண்ணி சாதாரணம்" என்று எழுதினால் வாசிக்கிறவருக்கு ஒன்றும் கிடைக்காது. "சூடு இருந்தது, சீனி கூட, தேயிலை மணமில்லை, பஸ் வரும்வரை கையில் வைத்திருந்தேன்" என்று எழுதுங்கள். நடுத்தரம் என்று சொல்லாமலே விளங்கும். தினமும் ஒரு பொருள், இரண்டு வரி போதும்.

பெறாமகள் இப்போது பழகிவிட்டாள். போன கிழமை அப்பம்மாவுக்குக் குரல்பதிவு ஒன்று அனுப்பியிருந்தாள்: "குளிர் வழமைபோல. ஹொஸ்டல் சாப்பாடு ஏதோ போகுது."

அம்மா அதை இரண்டு தரம் கேட்டார். பிறகு மிளகாய்த்தூள் வறுக்க அடுப்பை மூட்டினார்.