பழைய வரைபடத்தில் ஊரைத் தேட ஏரிக்கரையிலிருந்து தொடங்குங்கள்

வடஆற்காட்டுப் பகுதியின் பழைய வரைபடத்தில் உங்கள் பூர்வீகக் கிராமத்தைத் தேடுபவர்கள், பெயரைத் தேடி அலைவதற்கு முன் ஏரிக்கரையைக் கண்டுபிடியுங்கள். ஊர்ப்பெயரின் எழுத்து படத்துக்குப் படம் மாறலாம், ஆனால் வில்போல வளைந்த கரை எளிதில் இடம் மாறாது. கரையின் தாழ்ந்த பக்கத்தில், மடையிலிருந்து கால்வாய் பிரியும் இடத்தில் நஞ்சை விரிந்திருக்கும். அதை ஒட்டிய மேட்டில், கலங்கல் (ஏரி நிரம்பியதும் மிகைநீர் வழியும் இடம்) வெள்ளம் எட்டாத இடத்தில், பெரும்பாலும் நத்தம், அதாவது ஊர்க் குடியிருப்பு நிலம், அமைந்திருக்கும். காவேரிப்பாக்கம் ஏரியை வைத்துப் பழகினால் இந்த அமைப்பு கண்ணுக்கு விரைவில் பிடிபடும்.

அடுத்து ரயில் பாதையைப் பாருங்கள். சென்னை ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை 1856 ஜூலை 1 அன்று ரயில் ஓடத் தொடங்கியது. அந்த நிலையம் வாலாஜாபேட்டை ஊருக்குள் இல்லாமல் வடக்கே விலகி நிற்பதையும், வேலூர்க் கோட்டை பாலாற்றின் தென்புறம் இருக்க, காட்பாடி சந்திப்பு வடபுறம் அமைந்ததையும் கவனித்தால், குடியிருப்புகள் எந்தத் திசையில் நீண்டன என்பது புரியும். அரக்கோணமும் ஜோலார்பேட்டையும் சந்திப்புகளாலேயே வளர்ந்தவை என்பதால், அங்கே ஏரியை மட்டும் வைத்து ஊரின் வடிவத்தை விளக்க முயலாதீர்கள்.

ரயில் மேட்டில் சிறு பாலம் குறிக்கப்பட்டிருந்தால் விரலை அங்கே நிறுத்துங்கள். ஏரிக்கு நீர் கொண்டுவந்து இன்று தூர்ந்துபோன வரத்துக் கால்வாய் ஒன்று அதன் அடியில் ஓடியிருக்கக்கூடும்.