டூல் ரெஸ்ட் வாங்கும்போது கோட்டை விடும் இடங்கள்

மரத்தைச் சுழலவிட்டு உளியால் உருட்டி எடுக்கும் வேலையைச் செங்கோட்டையில் கடைசல் என்போம். ஆரியங்காவு தாண்டினால், கேரளத்தில், அதுவே கடச்சில். ஆனால் மரத்தைச் சுழற்றும் லேத்தில் உளியைத் தாங்கும் இரும்புக்கு மலையின் இரண்டு பக்கமும் டூல் ரெஸ்ட் என்றுதான் பேர். எங்கள் பட்டறையில் கட்டில் கால், தொட்டில் கம்பு, குமிழ் எல்லாம் கடைகிறோம். தேக்கும் அயனியும்தான் அதிகம், மேற்கேயிருந்து ரப்பர் மரமும் வரும். லேத்துக்கும் உளிக்கும் யோசிக்காமல் செலவழிப்பவர்கள்கூட டூல் ரெஸ்ட் என்றால் "கனமா ஒண்ணு கொடுங்க" என்று கேட்டு வாங்கிவிடுகிறார்கள். கனம் வேறு, உறுதி வேறு. உளி மரத்தைக் கடிக்கும்போது வரும் உதை, ரெஸ்ட்டின் விளிம்பிலிருந்து தண்டுக்கு, தண்டிலிருந்து அதைத் துளைக்குள் பிடித்து நிறுத்தும் பாஞ்சோவுக்கு, அங்கிருந்து லேத்தின் அடிப்பாகமான பெட்டுக்கு இறங்குகிறது. இதில் எந்த இடம் ஆடினாலும் கையில் உளி ஆடும்.

நான் ஏமாந்தது தண்டில். என் லேத்தின் பாஞ்சோத் துளை 1 அங்குலம், அதாவது 25.4 மி.மீ. வாங்கிய ரெஸ்ட்டின் தண்டு 25 மி.மீ. "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்றார் கடைக்காரர். துளைக்குள் சுகமாக இறங்கவும் செய்தது. கட்டில் காலுக்குச் சதுரக் கட்டையை உருட்ட ஆரம்பித்ததும்தான், ஒவ்வொரு மூலைக்கும் தண்டு உள்ளே தட்டுவது கேட்டது. திருகை எவ்வளவு இறுக்கினாலும் தண்டு ஒரு பக்கமாக ஒதுங்கித்தான் நின்றது. குளிர்பான டப்பாத் தகட்டை வெட்டி ஒரு சுற்றுச் சுற்றி அந்த மாதத்தை ஓட்டினேன். தலைகீழாக, 1 அங்குலத் தண்டை வாங்கி 25 மி.மீ. துளைக்குள் இறக்கப் பார்ப்பவர்களும் உண்டு. அது இறங்கவே இறங்காது. சின்ன லேத்துகளில் 5/8 அங்குலத் தண்டு, சுமார் 16 மி.மீ. ஸ்கேலை வைத்துப் பார்க்காமல் வெர்னியர் வைத்துத் துளையை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள்.

கையோடு பாஞ்சோவின் மேற்பரப்பிலிருந்து மரம் சுழலும் மையப் புள்ளி வரை உள்ள உயரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். தண்டு குட்டையாக இருந்தால் ரெஸ்ட் மையத்துக்கு எட்டாது. எட்டவைக்க மேலே இழுத்தால் துளைக்குள் நிற்கும் பகுதி குறைந்து ஆட்டம் காணும். ரொம்ப நெட்டையாக இருந்தால் கீழே இறங்காது, அதையாவது அறுத்துக்கொள்ளலாம்.

அடுத்தது நீள ஆசை. கட்டில் கால் இரண்டரை அடி, ரெஸ்ட்டும் நீளமாக இருந்தால் நகர்த்தும் வேலை மிச்சம் என்று தோன்றும். ஒற்றைத் தண்டில் நிற்கும் 18 அங்குல ரெஸ்ட் நடுவில் கல் மாதிரி இருக்கும், ஓரத்துக்குப் போகப் போக அதிரும். மரத்தில் திருகு திருகாக வரி விழும். அதைப் பார்த்துவிட்டு உளியைத் திரும்பத் திரும்பத் தீட்டுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பாவம், உளி மேல் குற்றமே இல்லை. ஒற்றைத் தண்டுக்கு 8, 10 அங்குலம் போதும். நீளம் வேண்டுமென்றால் இரண்டு தண்டு, இரண்டு பாஞ்சோ உள்ளதாகப் பாருங்கள்.

விளிம்பைக் கண்ணால் பார்த்தால் போதாது, நகத்தால் பார்க்க வேண்டும். கட்டை விரல் நகத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இழுத்துப் போங்கள். எங்கே நகம் தட்டுகிறதோ அங்கே ஒரு வெட்டுக்காயம் இருக்கும். சாய்வு உளியின் அடிமூலை பட்டுப் பட்டு விழுந்த காயம் அது. உளி வழுக்கிக்கொண்டே வந்து அங்கே ஒரு கணம் நிற்கும், அப்புறம் துள்ளும். நேர் எதிரே மரத்தில் ஒரு மேடு விழும். மென்மையான வார்ப்பிரும்பில் இது சீக்கிரம் வரும். அரத்தால் நீளவாக்கில் சமன் செய்து, மெழுகுவத்தியை ஒரு தேய்ப்புத் தேய்த்தால் சரியாகிவிடும். புதிதாக வாங்குவதென்றால், மேலே கடினப்படுத்திய உருண்டைக் கம்பி பதித்த எஃகு ரெஸ்ட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே கொடுக்கலாம். அகலமான தட்டை விளிம்பு பார்வைக்குப் பலமாகத் தெரியும். ஆனால் கைப்பிடியைத் தாழ்த்திப் பிடித்தால் உளி, மரத்துக்கு எதிர்ப்பக்க ஓரத்தில் ஏறிக்கொள்ளும். முனைக்கும் தாங்கும் இடத்துக்கும் நடுவே தூரம் கூடிவிடும்.

வார்ப்பிரும்பில் இன்னொரு சிக்கல், அது வளையாது, உடையும். உளி திடீரென்று மாட்டிக்கொள்ளும்போது சொல்லாமல் கொள்ளாமல் உடையும். உள்ளூரில் வெல்டிங் செய்து வாங்குபவர்கள், தண்டும் உளியைத் தாங்கும் மேல்பட்டையும் சேரும் இடத்தில் முக்கோணத் தாங்கல் வைத்துப் பற்றவைக்கச் சொல்லுங்கள்.

இவ்வளவும் பார்த்து வாங்கிவிட்டு மரத்திலிருந்து தள்ளி வைத்தால் என்ன பயன்? ரெஸ்ட்டுக்குப் பின்னால் பிடி 40 செ.மீ. இருக்கட்டும். முனை 1 செ.மீ. முன்னால் நீண்டால், வெட்டும் விசையில் நாற்பதில் ஒரு பங்கைத்தான் கை தாங்குகிறது. 4 செ.மீ. நீண்டால் பத்தில் ஒரு பங்கு, அதாவது நான்கு மடங்கு. மரம் தேயத் தேய மெஷினை நிறுத்தி ரெஸ்ட்டை உள்ளே தள்ள வேண்டும். ஓடும்போது தொடவே கூடாது. தள்ளியதும் மரத்தைக் கையால் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள், எங்கேயும் தட்டாமல் 3 மி.மீ. போல இடைவெளி இருந்தால் போதும். உப்புத்தாள் போடும்போது மட்டும் ரெஸ்ட்டையே கழற்றிவிடுங்கள், விரல் நடுவில் சிக்கும். நான் தொழில் பழகிய புதிதில் நகர்த்தச் சோம்பல்பட்டு நின்றபோது, பக்கத்து லேத்தில் இருந்த பெரியவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்: "ஏ தம்பி, நடுவுல புனலூர் பஸ்ஸே போவும் போலிருக்கே!"