குடும்ப செபத்தைத் தொடங்குவது எப்படி? ஷிப்ட் வேலை வீடுகளுக்கும் சேர்த்து

ஞாயிறு திருப்பலிக்குத் தவறாமல் போகிறோம். அன்பியக் கூட்டம் (பக்கத்துக் கத்தோலிக்க வீடுகள் சேர்ந்து செபிக்கும் கூட்டம்) நம் வீட்டு முறை என்றால் பாய் விரித்து, சுண்டல் வரை தயார் செய்கிறோம். செப்டம்பர் வந்தால் வேளாங்கண்ணிக்குக் கிளம்புகிறோம். ஆனால் நம் வீட்டில் இருக்கும் நாலைந்து பேர் தினமும் சேர்ந்து உட்கார்ந்து செபிப்பது மட்டும் கைகூட மாட்டேன் என்கிறது. ஆலய வாசலில் இந்தப் புலம்பலை நிறையக் கேட்கிறேன். எங்கள் வீட்டில் ஒருவழியாக இது பிடிபட்டுவிட்டது என்று தெரிந்ததும், புதிதாகத் திருமணமான சிலர் எப்படி என்று கேட்டார்கள். அவர்களுக்காகத்தான் இது. செபங்கள் மனப்பாடம், செபமாலை சொல்லத் தெரியும் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன். தெரியாதவர்கள் பங்கு ஆலயத்தில் ஒரு சிறு செபப் புத்தகம் வாங்கிக்கொள்ளுங்கள். அதில் எல்லாம் இருக்கும்.

எங்கள் நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். வீடு கிருஷ்ணகிரியில். கணவருக்கு ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை. காலை, மதியம், இரவு என்று ஷிப்ட் வாரா வாரம் மாறும். மாமியார் கோவிலூர்க்காரர், 53 மணிச் செபமாலையும் பிரார்த்தனையும் முடிக்காமல் படுக்காதவர். மகள் பத்தாம் வகுப்பு, மகன் நான்காம் வகுப்பு.

1. இடம்

பெரிய பீடம் வேண்டாம். ஒரு சிலுவை, ஒரு மாதா சுரூபம், திருவிவிலியம் வைக்க ஒரு பலகை போதும். தொலைக்காட்சி இருக்கும் சுவருக்கு எதிர்ச் சுவராக இருந்தால் நல்லது. மெழுகுவர்த்தியைக் கண்ணாடிக் கூண்டுக்குள் வையுங்கள். இல்லாவிட்டால் மின்விசிறியை நிறுத்தவேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் மின்விசிறியை நிறுத்திவிட்டு பக்தியாக இருக்கச் சொல்வது அநியாயம். வண்ணம் மாறி மாறி எரியும் சீரியல் பல்பு எனக்குப் பிடிக்காது. பிள்ளைகளின் கண் அதிலேயே இருக்கும்.

2. நேரம்

பெரும்பாலான வீடுகளில் எல்லாம் நின்றுபோவது இங்கேதான். ‘தினமும் ஏழரை மணி’ என்று முடிவு செய்வார்கள். முதல் வாரம் நடக்கும். இரண்டாம் வாரம் அப்பாவுக்கு மதிய ஷிப்ட் வரும், மூன்றாம் வாரம் மகளுக்குத் தேர்வு வரும், நான்காம் வாரம் யாரும் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டார்கள்.

கடிகாரத்தை விட்டுவிடுங்கள். வீட்டில் எப்படியும் தினமும் நடந்தே தீரும் ஒரு காரியத்தைப் பிடித்து, அதற்கு முன்னால் செபத்தை வையுங்கள். எங்கள் வீட்டில் அப்பா வருவதையும் கிளம்புவதையும் வைத்தே கணக்கு.

காலை ஷிப்ட் வாரம்: அவர் விடியுமுன் கம்பெனி பஸ் பிடித்துவிடுவார், மாலையில் வீட்டில்தான் இருப்பார். களி கிண்டி இறக்கியதும் செபம், செபம் முடிந்ததும் சாப்பாடு. களி ஆறினால் நன்றாக இராது என்பதால் யாரும் இழுத்தடிக்க மாட்டார்கள்.

இரவு ஷிப்ட் வாரம்: எட்டு மணிக்கு மேல் கிளம்புவார். அவருடைய சாப்பாட்டு டப்பாவைக் கட்டிப் பையில் வைத்ததும் செபம். பை வாசலருகே போய்விட்டால் அதுதான் மணி அடித்தது போல.

மதிய ஷிப்ட் வாரம்தான் சோதனை. அவர் திரும்பும்போது நள்ளிரவு நெருங்கிவிடும், பிள்ளைகள் தூங்கியிருப்பார்கள். அந்த வாரம் செபம் காலைக்கு மாறும்: மகன் சீருடை போட்டதும், பள்ளி வேன் வருமுன். கணவர் தூக்கக் கலக்கத்தோடு வந்து உட்காருவார். முதல் பாதியில் அவர் குரல் கேட்காது. பரவாயில்லை, வந்து உட்கார்ந்தாரே.

திருத்தந்தை பிரான்சிஸ் 2016இல் வெளியிட்ட ‘அன்பின் மகிழ்வு’ மடலின் 318ஆம் பத்தியில், குடும்பம் நாளுக்குச் சில நிமிடங்கள் ஆண்டவர் முன் கூடுவதற்கு ஒதுக்கலாம் என்றுதான் சொல்கிறார். சில நிமிடங்கள்! நாம்தான் அதை ஒரு மணி நேர வழிபாடாகக் கற்பனை செய்துகொண்டு மிரளுகிறோம்.

3. அளவு

தொடக்கத்தில் செபமாலையின் ஒரே ஒரு பத்து, அதாவது பத்து மணிகள். விண்ணுலகிலிருக்கிற ஒன்று, அருள் நிறைந்த மரியே பத்து, தந்தைக்கும் மகனுக்கும் ஒன்று, பின் ‘ஓ என் இயேசுவே’. நிதானமாகச் சொன்னாலும் நான்கு நிமிடம். கடைசிச் செபம் 1917இல் பாத்திமாவில் மாதா மூன்று பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தது. மகனுக்கு இந்தக் கதையைச் சொன்ன பிறகு அந்த இடத்தில் மட்டும் குரல் உயர்கிறது.

மாமியாருக்கு இதில் உடன்பாடில்லை. ‘ஒரு பத்து சொல்லிவிட்டு எழுந்திருப்பதற்குப் பெயர் செபமாலையா?’ என்று கேட்டார். நியாயமான கேள்வி. சனிக்கிழமை எல்லோரும் சேர்ந்து ஐந்து பத்தும் சொல்வது, மற்ற நாட்களில் மீதியை அவர் கட்டிலில் உட்கார்ந்து தனியே முடித்துக்கொள்வது என்று ஒப்பந்தமானது. அக்டோபர் செபமாலை மாதம் என்பதால் அப்போது ஐந்தும் தினமும் உண்டு.

எந்த நாளில் எந்த மறையுண்மை (ஒவ்வொரு பத்திலும் தியானிக்கும் இயேசு, மரியா வாழ்வின் நிகழ்வு) என்பது எளிது: திங்களும் சனியும் மகிழ்ச்சி, செவ்வாயும் வெள்ளியும் துயரம், புதனும் ஞாயிறும் மகிமை, வியாழன் ஒளி. வீட்டில் பழைய புத்தகம் இருந்தால் வியாழனுக்கும் மகிழ்ச்சி என்றும் சனிக்கு மகிமை என்றும் போட்டிருக்கும். ஒளியின் மறையுண்மைகளைத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் சேர்த்ததே 2002 அக்டோபரில்தான். புத்தகத்தைத் தூக்கிப் போடாதீர்கள். ஒரு தாளில் புதிய பட்டியலை எழுதி உள்ளே ஒட்டிவிடுங்கள்.

ஒரு நாளைக்கு ஒரு பத்து என்றால் ஐந்தில் எதை எடுப்பது? இந்த வாரம் முதலாவது, அடுத்த வாரம் இரண்டாவது என்று போங்கள். வியாழன் இரண்டாவது கானாவூர்த் திருமணம். திராட்சை இரசம் தீர்ந்துபோனதைக் கவனித்து இயேசுவிடம் சொன்னவர் மரியா என்று சொன்னபோது, ‘நம் வீட்டில் உப்பு தீர்ந்தால் அம்மா கவனிக்கிற மாதிரி’ என்றான் மகன். அன்றைக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

4. யார் தொடங்குவது

வீட்டில் சின்னவர் யாரோ அவர். பெரியவர்கள் தொடங்கினால் நீளும். பிள்ளைகளுக்கு வேடிக்கை பார்க்கும் வேலைதான் மிஞ்சும். நான்காம் வகுப்புப் பையன் முன்மொழிந்தால் வேகம் அதிகமாகத்தான் இருக்கும், மூன்றாவது மணியைத் தாண்டி ஐந்தாவதுக்குப் போய்விடுவான். திருத்த வேண்டாம். மாதாவுக்குக் கணக்குத் தெரியும்.

பிள்ளைகளுக்கு நூலில் முடிச்சுப் போட்ட செபமாலை வாங்குங்கள். வேளாங்கண்ணியில் வாங்கும் கண்ணாடி மணிகள் பார்க்க அழகு. பையன் விரலில் சுற்றி இழுத்தால் கம்பி விட்டுப்போகும். கைப்பேசிச் செயலியில் செபமாலை சொல்வதற்கு நான் எதிரி. நான்காவது அருள் நிறைந்த மரியேயில் வகுப்பு வாட்ஸ்அப் குழு எட்டிப்பார்க்கும். பேருந்தில் தனியே போகிறவர்கள் வைத்துக்கொள்ளுங்கள், வீட்டில் வேண்டாம்.

5. சொந்த மன்றாட்டு

எங்கள் வீட்டில் முட்டிக்கொண்டது இங்கேதான். அந்த ஒரு பத்து முடிந்ததும் ஆளுக்கொரு மன்றாட்டு என்று ஏற்பாடு. முதல் நாளே மாமியார் கண்ணை மூடி, கை குவித்து, ‘ஆண்டவரே, வேலை முடிந்து வந்தவுடன் கைப்பேசியைக் கையில் எடுக்கும் என் மகனுக்கு நல்ல புத்தி கொடும்’ என்றார். கணவர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். அடுத்தது அவர் முறை: ‘ஆண்டவரே, இந்த வீட்டில் எல்லோருக்கும் பொறுமையைக் கொடும்.’ மகள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். மறுநாள் செப நேரத்தில் கணவர் குளிக்கப் போய்விட்டார்.

நேரில் சொல்ல முடியாத குறையை ஆண்டவர் வழியாக அனுப்பும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. பக்தி போல இருப்பதால் யாராலும் பதில் சொல்ல முடியாது. அதனாலேயே மனம் கசந்துபோகும். ‘நன்றாகப் படிக்கும் புத்தியை இவளுக்குக் கொடும்’ என்று தினமும் காதில் விழுந்தால், பத்தாம் வகுப்புப் பெண் ஏன் வந்து உட்காரப்போகிறாள்?

நாங்கள் வைத்த விதி இது. ஒரு நன்றி, ஒரு வேண்டுதல். நன்றி வீட்டிலிருக்கும் யாருக்காகவும் இருக்கலாம். வேண்டுதல் தனக்காகவோ, வீட்டுக்கு வெளியே இருப்பவருக்காகவோ மட்டும்: நோயாளி, வேலை தேடுபவர், எதிர் வீட்டுத் தாத்தா. வீட்டிலுள்ள ஒருவருக்காக வேண்டவேண்டும் என்றால் அவரே கேட்டிருக்கவேண்டும். ‘நாளைக்குக் கணக்குத் தேர்வு, எனக்காக வேண்டிக்கொள்ளுங்கள்’ என்று மகள் வாய்திறந்து கேட்டது இந்த விதிக்குப் பிறகுதான்.

சொல்ல ஒன்றும் தோன்றாத நாளில் ‘நன்றி ஆண்டவரே’ என்று முடித்துவிடலாம். கட்டாயப்படுத்தாதீர்கள்.

6. முடிவு

பிள்ளைகள் பெரியவர்களுக்குத் தோத்திரம் சொல்லி, நெற்றியில் சிலுவை வாங்கிக்கொள்வார்கள். பல வீடுகளில் இது பாட்டியோடு நின்றுவிடுகிறது. அப்பாவும் போடட்டும். இரவு ஷிப்ட் கிளம்புகிறவருக்கு மாமியார் நெற்றியில் சிலுவை போடுவார். நல்ல புத்தி கேட்ட அதே கைதான்.

பின்சேர்க்கை: கேட்டவர்களுக்கு

காவேரிப்பட்டணம் பக்கமிருந்து ஒரு சகோதரி: கணவர் இந்து, மாமியார் மாலை ஆறு மணிக்கு விளக்கேற்றுகிறார், அந்த நேரத்தில் நான் எப்படி? அந்த நேரத்தைத் தொடாதீர்கள். பிள்ளைகளோடு படுக்கைக்குப் போகும் முன் சொல்லுங்கள். கணவரை அழைக்கலாம், வற்புறுத்தக் கூடாது. நன்றி சொல்லும் பகுதிக்கு மட்டும் வந்து உட்காரும் கணவர்களை எனக்குத் தெரியும்.

மாங்காய் பருவத்தில் கூழ் ஆலைக்குப் போகும் ஒரு அம்மா, வீடு திரும்பவே பத்து மணியாகிறது என்று எழுதியிருந்தார். அந்த மாதங்களில் அந்த ஒரு பத்தையும் விட்டுவிடுங்கள். ஒரு அருள் நிறைந்த மரியே, நெற்றியில் சிலுவை. பருவம் முடிந்ததும் பழையபடி தொடங்கலாம்.

தவக்கால வெள்ளியன்று ஆலயத்தில் சிலுவைப்பாதைக்கு (இயேசுவின் பாடுகளை நிலை நிலையாகத் தியானிக்கும் வழிபாடு) போய்வந்த பிறகும் வீட்டில் செபிக்க வேண்டுமா? எங்கள் வீட்டில் கிடையாது. 14 நிலைகளுக்கும் முழந்தாளிட்டு எழுந்த பிள்ளைக்குச் சோறு போடுங்கள்.

ஒரு பத்து சொன்னால் நிறைபலன் (மன்னிக்கப்பட்ட பாவத்துக்கு மிஞ்சும் தண்டனையைத் திருச்சபை முழுதும் நீக்கும் சலுகை) உண்டா என்று ஒருவர் கேட்டார். குடும்பமாகச் செபமாலை சொல்வதற்குத் திருச்சபை நிறைபலன் வழங்குகிறது; ஆனால் ஐந்து பத்தும் இடைவிடாமல் சொல்லவேண்டும். அதோடு ஒப்புரவு அருளடையாளம் (பாவசங்கீர்த்தனம்), நற்கருணை, திருத்தந்தையின் கருத்துகளுக்காகச் செபம், எந்தப் பாவத்தின் மீதும் பற்று இல்லாத மனம் ஆகியவையும் வேண்டும். இதை மாமியாரிடம் படித்துக் காட்டினேன். ‘சனிக்கிழமை ஏன் விடமாட்டேன் என்கிறேன், இப்போது தெரிகிறதா?’ என்றார்.